கல்லின் மேல் ஒரு சட்டை

எங்கள் தெருவில் போன மாசி மாதம் ஒரு வீட்டை இடித்தார்கள். 1980களில் கட்டிய மாடி வீடு. சுவரில் விரிசல் கிடையாது, தளம் ஒழுகியதும் கிடையாது. தெரு உயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று என்று நாற்பது வருடம் போட்டதில் வாசற்படி மூன்றும் ஒவ்வொன்றாகச் சாலைக்குள் போயின. கடைசிப் படியும் மறைந்த பிறகு ஐப்பசி மழை நேராகக் கூடத்துக்குள் வந்தது. வீட்டுக்காரர் சில வருடம் வாசலில் மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார். பிறகு பில்டரிடம் கொடுத்துவிட்டார். சாலை இடித்த வீடு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். இடித்ததை அந்தச் சாலைக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது அங்கே நின்று வேடிக்கை பார்த்தபோதுதான்.

பிரேக்கர் மாட்டிய பொக்லைன் மூன்று நாள் தட்டியது. நான்காம் நாள் நாலைந்து பேர் சம்மட்டியோடு உட்கார்ந்து தூண்களை உடைத்துக் கம்பியை உருவினார்கள். கம்பிக்கு விலை உண்டு. கதவும் ஜன்னலும் முதல் நாளே வண்டியேறிவிட்டன. மிச்சம் குவிந்து கிடந்ததைக் காட்டி, "இது எங்கண்ணே போகும்?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ரப்பீஸ் சார். எங்கயாவது பள்ளத்த ரொப்பக் கேப்பாங்க. கேக்கலன்னா லாரிக்காரன் பாத்துப்பான்."

லாரிக்காரர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது புறநகர் ஏரிக்கரைகளில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

குவியலிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு காங்கிரீட் துண்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். தூணில் இருந்து உடைந்தது. உடைந்த முகத்தில் சாம்பல் நிறக் காரை. அதற்குள் பதித்து வைத்த மாதிரி கருநீலக் கற்கள். ஒரு கல் பாதியாகப் பிளந்து உள்ளே பளபளத்தது. இன்னோர் இடத்தில் கல் முழுசாகக் கழன்று விழுந்து, அது இருந்த குழி வழவழவென்று அச்சு போல நின்றது. இந்தக் குழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

அந்தக் காலத்துச் சென்னை வீடுகளுக்குப் பல்லாவரம், திரிசூலம் பக்கத்து மலைகளை உடைத்த ஜல்லி நிறையவே வந்தது. அந்தப் பாறைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். 1890களில் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த கல்லும் இந்த வகைதான் என்று கண்டு, அந்தப் பெயரையே பாறைக்குச் சூட்டினார். பரங்கிமலையில் இருக்கும் பாறை இன்று தேசியப் புவியியல் சின்னம். சுமார் 250 கோடி வருடப் பழைமை கொண்டது. அப்படிப்பட்ட கல்லுக்கு, நாற்பது வருடம் ஒரு தூணுக்குள் இருந்ததில் வயதாகிவிடவில்லை. மலையிலிருந்து உடைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. உடைத்த மலைகளோ பள்ளங்களாகி, பள்ளங்கள் குளங்களாகிவிட்டன. 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கல்லைத் தோண்டி வீடு கட்டிய ஊர், தோண்டிய குழியில் தண்ணீரும் மொண்டு குடித்தது.

ஆக, கல் பழுதில்லை. சிக்கல் எல்லாம் கல் போட்டுக்கொண்டிருக்கும் சட்டையில் இருக்கிறது. உடைத்த காங்கிரீட்டை அரைத்துச் சலித்து மறுபடி ஜல்லியாக்கினால், ஒவ்வொரு கல்லின்மேலும் சிமெண்ட் காரை ஒட்டிக்கொண்டே வரும். எடையில் கால் பங்கிலிருந்து பாதி வரைகூட அந்தக் காரையாக இருக்கலாம். உடைத்த காங்கிரீட்டைத் தார்ச்சாலையில் போடுவது பற்றி உலகம் முழுக்க நடந்திருக்கும் ஆராய்ச்சிகளை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், அந்தச் சட்டையை என்ன செய்வது என்ற ஆராய்ச்சி என்பேன்.

தார்ச்சாலை என்கிறோமே தவிர, அதில் தார் என்பது கொஞ்சம்தான். எடை போட்டால் நூற்றுக்கு 94, 95 பங்கு கல்லும் கல்தூளும்; மீதி ஐந்தோ ஆறோதான் அந்தக் கறுப்புப் பசை. போதாக்குறைக்கு அது தாரும் இல்லை. உண்மையான தார் நிலக்கரியிலிருந்து வடிப்பது. நாம் இப்போது சாலையில் ஊற்றுவது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பின் அடியில் தங்கும் பிட்டுமென். ஆனால் தார் என்ற சொல் நம் வாயில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

ஹாட் மிக்ஸ் பிளான்டில் நடப்பதை ஒரு முறை கிட்டத்திலிருந்து பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். சாய்ந்து சுழலும் பெரிய டிரம்முக்குள் ஜல்லி விழுகிறது. ஒரு முனையில் பர்னர் சீறுகிறது. ஈரம் ஆவியாகி, கல் 150, 160 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் அதே சூட்டில் உள்ள தார் அதன்மேல் பீச்சப்படுகிறது. அந்தச் சூட்டில் தார் நல்லெண்ணெய் போல ஓடும். ஒவ்வொரு கல்லையும், ஒவ்வொரு தூசியையும் ஒரு மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலத்தின் கனம் சுமார் பத்து மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. லாரி, பஸ், வெயில், மழை எல்லாவற்றையும் தாங்கிச் சாலையைப் பிடித்து வைத்திருப்பது இந்த நூலிழைப் படலம்தான்.

இப்போது என் மேசை மேல் உள்ள துண்டுக்கு வருவோம். வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். ஒன்றில் புதுக் கருங்கல் ஜல்லி, இன்னொன்றில் காங்கிரீட் துண்டு. கருங்கல் சும்மா கிடக்கும். காங்கிரீட் துண்டிலிருந்து குமிழி வரும். சோடா புட்டியைத் திறந்தது போல, முதலில் சரசரவென்று, பிறகு ஒரே இடத்திலிருந்து முத்து முத்தாக. துண்டுக்குள் இருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். மறுநாள் எடுத்துத் துடைத்து எடை போட்டால், நூறு கிராம் கருங்கல் ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது. காங்கிரீட்டோ நாலைந்து கிராம் ஏறியிருக்கும். ஏழெட்டு ஏறினாலும் வியப்பில்லை.

தண்ணீர் புகும் இடத்தில் சூடான தாரும் புகும். மாவு நீர்த்துப்போனால் வடை எண்ணெய் குடிக்கிறதே, அதே கதைதான். ஊற்றின தாரில் ஒரு பங்கை இந்தக் கல் உள்ளுக்குள் இழுத்துக்கொள்கிறது. குடித்த தார் படலத்தில் சேராது. கல்லையும் கல்லையும் ஒட்டவும் உதவாது. பத்து மைக்ரான் ஏழு மைக்ரான் ஆகும். சாலை பொரிந்துபோன மாதிரி இருக்கும். அதைச் சரிக்கட்டத் தாரைக் கூட்ட வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த நுண்துளைகள் எல்லாவற்றையும் சமமாகக் குடிப்பதில்லை. தாரில் உள்ள இலேசான எண்ணெய்ப் பகுதியை முதலில் உறிஞ்சிக்கொண்டு, கெட்டியான பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன. மிஞ்சும் படலம் மெலிந்தது மட்டுமல்ல, முறுகலாகவும் ஆகிறது.

கணக்குப் போடுவோம். ஒரு டன் கலவைக்கு 50 கிலோ தார் போகிறது. கல்லில் பாதியைக் காங்கிரீட் ஜல்லியாக மாற்றினால் 60 கிலோ தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தார் கிலோ 50 ரூபாய் என்றால் கூடுதல் செலவு 500 ரூபாய். மிச்சமானது 480 கிலோ கருங்கல். டன் 1,000 ரூபாய் என்று வைத்தால் 480 ரூபாய். உடைத்துச் சலித்து ஏற்றிவந்த கூலியை இன்னும் சேர்க்கவே இல்லை. நாட்டுக்குள் இருக்கும் கல்லை மிச்சம் பிடிக்க, கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியில் வாங்கும் நாம், அதிலிருந்து வரும் தாரைக் கொட்டுகிறோம். 'மறுசுழற்சி' என்று பலகை வைத்துவிட்டால் மட்டும் சுற்றுச்சூழல் நன்றி சொல்லிவிடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பர்னருக்கும் கூடுதல் வேலை. மழையில் நனைந்து கிடந்த காங்கிரீட் ஜல்லி ஒரு டன்னில் 50 கிலோ தண்ணீர் இருந்தால், அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 127 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு சொட்டு வீணாகாமல் எரிந்தால்கூட மூன்றரை லிட்டர் டீசல். குவியலுக்கு மேல் தகரக் கொட்டகை போடாத பிளான்ட்காரர் டீசலில் மழையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

சட்டையின் இரண்டாவது குணம், அது நொறுங்கும். இதைச் சோதிக்க லாஸ் ஏஞ்சலஸ் டிரம் என்று ஒன்று இருக்கிறது. இரும்பு உருளை, உள்ளே ஒரு தட்டு துருத்திக்கொண்டிருக்கும். ஐந்து கிலோ ஜல்லியைக் கொட்டி, அதோடு எலுமிச்சம்பழம் அளவு இரும்புக் குண்டுகள் பதினொன்றைப் போட்டு மூடி 500 சுற்று சுற்ற வேண்டும். ஆய்வுக்கூடம் முழுக்க அதிரும். ஓடும்போது பேச முடியாது. பிறகு திறந்து சலித்து எவ்வளவு தூளானது என்று பார்ப்பார்கள். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு மேல்தளத் தாருக்கு 30 சதவீதத்துக்கு மேல் தூளாகக் கூடாது என்கிறது. அதற்குக் கீழ் உள்ள கனமான தார் அடுக்குக்கு, பொறியாளர்கள் டி.பி.எம். என்று சொல்வதற்கு, 35. நல்ல கருங்கல் இதற்குள் சுலபமாக வந்துவிடும். காங்கிரீட் ஜல்லி பெரும்பாலும் 30-க்கும் 45-க்கும் நடுவில் தள்ளாடும்.

காரை டிரம்முக்குள் மட்டும் நொறுங்கினால்கூடப் போகட்டும். ரோலருக்கு அடியிலும் அதேதான் நடக்கிறது. தார் பூசிக்கொண்ட ஜல்லி ரோலர் ஏறும்போது காரையோரம் பிளக்கிறது. பிளந்த முகத்தில் தார் இல்லை. வெறும் சாம்பல். அங்கேதான் என் துண்டில் இருந்த வழவழப்பான குழி நினைவுக்கு வர வேண்டும். காங்கிரீட்டில் கல்லும் காரையும் சேரும் எல்லை மற்ற இடங்களைவிட நுண்துளை அதிகமான, பலவீனமான இடம். சம்மட்டி அடிக்கும் அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது, ரோலருக்கும் அதுதான். அந்த விரிசல் வழியே முதல் மழை உள்ளே போகும்.

சோதனைகளில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் போனால் தவறு. தார்க் கலவை நல்லதா என்று பார்க்க நம் ஊரில் வழக்கமாகச் செய்வது மார்ஷல் சோதனை. அமெரிக்காவின் மிசிசிபி மாநில நெடுஞ்சாலைத் துறையில் இருந்த புரூஸ் மார்ஷல் உருவாக்கியது. நாலு அங்குல விட்டமுள்ள அச்சில் கலவையைப் போட்டு, நாலரைக் கிலோ சுத்தியலால் பக்கத்துக்கு 75 அடி. பிறகு 60 டிகிரி வெந்நீரில் அரைமணி ஊறவைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் நம் சாலை தொடும் சூடு ஏறத்தாழ அதுதான். இதில் காங்கிரீட் ஜல்லி போட்ட கலவை பல நேரம் கருங்கல் கலவைக்குச் சமமாக வரும், சில நேரம் தாண்டியும் வரும். காரணம், உடைந்த காங்கிரீட்டின் முகம் சொரசொரப்பானது. ஒன்றோடொன்று நன்றாகக் கவ்வும். இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு 'பலம் கூடியது' என்று கட்டுரை எழுதுகிறவர்களும் உண்டு.

தண்ணீரில் போட்டால்தான் குட்டு வெளிப்படும். ஒரே மாதிரி ஆறு வில்லைகள் செய்து மூன்றைக் காய்ந்தபடி வைத்து, மூன்றைத் தண்ணீர் புகட்டிச் சூட்டில் ஒரு நாள் ஊறவைத்து, எல்லாவற்றையும் பக்கவாட்டில் அமுக்கிப் பிளக்க வேண்டும். ஊறியதன் பலம் காய்ந்ததன் பலத்தில் 80 சதவீதமாவது இருந்தால்தான் தேர்ச்சி. காங்கிரீட் ஜல்லியின் பங்கு ஏற ஏற இந்த எண் இறங்குவதைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. தார் கல்லை விட்டுக் கழன்று, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் பள்ளங்கள் பலவற்றுக்கு இந்தக் கழற்சிதான் மூலம். அதற்குக் காங்கிரீட் ஜல்லி தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு சுவாரஸ்யமான முரண். வேதியியல் கணக்குப்படி பார்த்தால் இந்தச் சட்டை தாருக்குப் பிடித்தமானதாக இருக்க வேண்டும். சிலிக்கா மிகுந்த கருங்கல் அமிலத் தன்மை உள்ளது. தாரும் இலேசான அமிலம். இரண்டுக்கும் ஒட்டுறவு அவ்வளவாக இல்லை. சுண்ணாம்புக்கல்லோடு தார் நன்றாக ஒட்டும், ஏனென்றால் அது காரம். சிமெண்ட் காரையும் காரம்தான். கருங்கல் கலவை தண்ணீர்ச் சோதனையில் தோற்றால், இரண்டு சதவீதம் நீற்றுச் சுண்ணாம்பைச் சேர்க்கச் சொல்லி விவரக்குறிப்பே வழிகாட்டுகிறது. காங்கிரீட் ஜல்லியோ அந்தச் சுண்ணாம்பை ஒட்டவைத்துக்கொண்டே வருகிறது. குணம் நல்லதுதான், உடம்புதான் துளை. ஒட்டுவதற்கு ஆசை இருந்தும் விரிசல் வழியே தண்ணீர் பின்கதவால் வந்துவிடுகிறது.

சரி, சட்டையை என்ன செய்யலாம்?

ஒரு வழி, கழற்றிவிடுவது. ஜப்பானில் உடைத்த காங்கிரீட்டை 300 டிகிரி வரை சூடாக்கி, காரை தளர்ந்ததும் உருளைக்குள் உராய வைத்து உரித்தெடுத்தார்கள். கல் கிட்டத்தட்டப் புதிதாக வெளியே வரும். அப்படிப்பட்ட உயர்தர ஜல்லிக்கு 2005-ல் தனித் தரநிலையே வகுத்தார்கள். தண்ணீர் உறிஞ்சுதல் மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அழகான வேலை, செலவான வேலை. உரித்த காரைத் தூளை எங்கே கொட்டுவது என்ற புதுக் கேள்வியும் பின்னாலேயே வரும். அமிலத்தில் ஊறவைத்துக் கரைப்பதும் உண்டு. ஆய்வுக்கூடத்துக்குச் சரி, ஊருக்கு ஆகாது.

இரண்டாவது, துளையை அடைப்பது. காரைக்குள் இருக்கும் சுண்ணாம்பு, கரியமில வாயுவைக் கண்டால் சுண்ணாம்புக்கல்லாக மாறிவிடும். காற்றிலேயே இது நடக்கிறது. ஆனால் வருடக் கணக்காகும். மூடிய அறையில் வாயுவைச் செறிவாகச் செலுத்தினால் வேலை சீக்கிரம் முடியும், துளைகளும் அடையும், கொஞ்சம் கரியமில வாயுவும் கல்லுக்குள் பூட்டப்படும். சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியில் இருந்தே வாயுவை எடுத்து இதைச் செய்து பார்க்கும் முயற்சியைப் பிரான்ஸில் ஃபாஸ்ட்கார்ப் என்ற திட்டமாக நடத்தினார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதை நம் ஊர்க் கொத்தனார் யாரும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். செங்கலை அப்படியே வைத்துக் கட்டினால் அது கலவையில் உள்ள தண்ணீரை இழுத்துவிடும் என்று, முதலில் தொட்டியில் ஊறப்போட்டு அதன் தாகத்தைத் தீர்த்துவிட்டுத்தானே கட்டுகிறார்கள்? ஸ்பெயினில் அ கொருஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசந்தினும் பெரேசும் காங்கிரீட் ஜல்லி போட்ட தார்க் கலவையை 170 டிகிரி அடுப்பில் நான்கு மணி நேரம் வைத்திருந்து பிறகு கெட்டித்தார்கள். கல் குடிக்க வேண்டிய தாரை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிட்டது. தண்ணீரைத் தாங்கும் திறன் தெளிவாகக் கூடியது. முன்கூட்டியே தார்க் குழம்பை ஜல்லியின் மேல் பூசி உலர்த்தும் வழியையும் அவர்கள் முயன்றிருக்கிறார்கள். கட்டுமானத்தில் நான்கு மணி நேரம் அடுப்பில் வைக்க யாருக்குப் பொறுமை என்று கேட்கலாம். பிளான்டிலிருந்து தூரமான சாலைக்கு லாரியில் போகும் கலவை எப்படியும் இரண்டு மணி நேரம் சூட்டோடு ஊறிக்கொண்டுதான் போகிறது. அந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தால் போதும்.

நான்காவது வழிக்கு மதுரையில் தொடக்கம். தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் சாலையை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 2002-லேயே சென்னை ஜம்புலிங்கம் தெருவில் அந்த முறையில் சாலை போட்டார்கள். பலரும் நினைப்பது போல அவர் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்கவில்லை. சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினார். அது உருகிக் கல்லைப் போர்த்தியது. போர்த்திய கல்லில் தண்ணீர் புகுவது குறைந்தது. தார் அந்தப் போர்வையோடு நன்றாக ஒட்டியது. கருங்கல்லுக்கே இது உதவியது என்றால், துளை நிறைந்த காங்கிரீட் ஜல்லிக்கு இன்னும் உதவ வேண்டும் அல்லவா? இந்திய ஆய்வுக்கூடங்களில் பால் கவர், பாலித்தீன் பை ஆகியவற்றைக் கொண்டு இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்ச் சோதனையில் முன்னேற்றமும் கண்டிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றாமல் அதற்கு மேல் மழைக் கோட்டு மாட்டுகிற வேலை. குப்பையைக் குப்பையால் சரிசெய்வது என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். செய்யட்டும்.

இதெல்லாம் எதுவும் செய்யாமலும் ஒரு எளிய வழி உண்டு. அளவோடு கலப்பது. தார் அடுக்குகளில் போடும் ஜல்லி இரண்டு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்பது நம் விதி. ஐந்து சதவீதம் உறிஞ்சும் காங்கிரீட் ஜல்லியை 20 பங்கும், 0.7 சதவீதம் உறிஞ்சும் கருங்கல்லை 80 பங்கும் கலந்தால் சராசரி 1.56. முப்பது பங்கு போட்டால் 1.99, வாசலைத் தலை குனிந்து தாண்டலாம். அதற்கு மேல் முடியாது. அதுவும் பெரிய ஜல்லியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சலித்த தூளில்தான் காரை அதிகம், தாகமும் அதிகம்.

ஆனால் கேள்வியையே வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏழு மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டர். மேலே தார் அடுக்குகள் இரண்டும் சேர்த்துப் பத்து சென்டிமீட்டர் என்றால், ஏறக்குறைய 1,650 டன் கலவை. அதற்குக் கீழே, மண்ணுக்கு மேல், ஜல்லியும் தூளும் தண்ணீர் சேர்த்துக் கெட்டித்த அடுக்குகள் இருக்கின்றன. வெட் மிக்ஸ், அதற்கும் அடியில் வடிகால் அடுக்கு. அவை 45 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 7,000 டன். அங்கே தார் இல்லை, ஆகவே தாரைக் குடிக்கும் பிரச்சினையும் இல்லை. காங்கிரீட் ஜல்லியில் வேலை செய்யாமல் தங்கிய சிமெண்ட் துணுக்குகள் தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு, அடுக்கு மாதக் கணக்கில் தானாகவே இறுகிக்கொண்டு போகும். மேலே சாபமாக இருந்த சட்டை கீழே வரமாகிவிடுகிறது. ஜப்பான் தன் காங்கிரீட் இடிபாடுகளில் கிட்டத்தட்ட முழுவதையும் மறுபடி பயன்படுத்துகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு போகும் இடம் இந்த அடி அடுக்குதான், தார் அல்ல.

அங்கேயும் ஒரு எச்சரிக்கை. அதன் வழியே வடியும் தண்ணீர் சுண்ணாம்பு நீர் போலக் காரமானது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் வெள்ளையாகப் படிந்து வடிகால் குழாயை அடைத்துவிடும்; வெந்நீர் அண்டாவில் உப்புப் படிகிற மாதிரி. அமெரிக்க மாநிலங்கள் சில இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன.

கலக்கும் விகிதத்தைவிடக் கடினமான வேலை பிரிப்பது. கொலராடோவில் டென்வரின் பழைய ஸ்டேபிள்டன் விமான நிலையம் 1995-ல் மூடப்பட்டது. அதன் ஓடுபாதைகளைப் பெயர்த்து 65 லட்சம் டன் அளவுக்கு ஜல்லி எடுத்தார்கள். ஓடுபாதை என்றால் சுத்தமான காங்கிரீட். பூச்சு இல்லை, ஓடு இல்லை, பால்ஸ் சீலிங் இல்லை. நம் தெரு வீட்டில் அப்படியா? செங்கல், டைல்ஸ், வெள்ளையடித்த சுவர்ப் பூச்சு, மரச் சில்லு, ஒயர், ஜிப்சம் பலகை. ஜிப்சம் தண்ணீரில் ஊறி அடுக்கையே உப்ப வைக்கும். செங்கல் நொறுங்கும். இன்னும் பழைய வீடுகளில், மரச் சட்டத்தின் மேல் செங்கலை நெட்டுக்குத்தலாக அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருந்தால், அதில் காங்கிரீட் என்பதே கிடையாது. ஆக, ஜல்லியின் தரம் கிரஷரில் தீர்மானமாவதில்லை. பொக்லைன் முதல் அடி அடிப்பதற்கு முன், எதை முதலில் கழற்றினார்கள் என்பதில் தீர்மானமாகிறது. கம்பிக்கும் கதவுக்கும் விலை இருப்பதால் அவற்றை நம் ஆட்கள் எவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கிறார்கள்! தூண் காங்கிரீட்டுக்கு லோடுக்கு இவ்வளவு என்று யாராவது கொடுத்தால் அதையும் பிரித்துத் தனியாகக் குவிப்பார்கள். சட்டம் செய்ய முடியாததை ஐந்நூறு ரூபாய் செய்யும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ல் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் வந்தன. அரசு ஒப்பந்த வேலைகளில் 10 முதல் 20 சதவீதம் இத்தகைய பொருளைப் பயன்படுத்தச் சொல்லின. அதே ஆண்டில் திருத்திய, ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, கம்பி கட்டிய காங்கிரீட்டிலேயே 20 சதவீதம் வரை பழைய காங்கிரீட் ஜல்லிக்கு இடம் கொடுத்தது. சாலைக்கென்று இந்தியச் சாலைகள் பேரவை 2017-ல் தனி வழிகாட்டி வெளியிட்டது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை உடைத்துச் சலிக்கும் ஆலைகள் இருக்கின்றன. மேஸ்திரியிடம் பெருங்குடியைப் பற்றிச் சொன்னேன். "தெரியும் சார். டீசல் யார் குடுப்பா?" என்றார்.

அந்த வீடு பதினெட்டு லோடாகப் போனது. இரண்டு மாதம் கழித்து அதே மனையில் கடைக்கால் தோண்டினார்கள். இந்த முறை தரைமட்டம் சாலையைவிட நாலடி உயரம் என்று பில்டரின் ஆள் சொன்னார். ஒரு காலை முக்கால் ஜல்லி வந்து இறங்கியது. எங்கேயிருந்து என்று டிரைவரைக் கேட்டேன். "மதுராந்தகம் தாண்டி சார்" என்றார். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து மேசைமேல் இருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிளந்து பளபளத்த அந்தப் பழைய கல்லும் இதுவும் ஒரே கருநீலம். பழையதன் ஓரத்தில் மட்டும் ஒரு நகக்கண் கனத்துக்குச் சாம்பல் ஒட்டியிருந்தது.